தோற்றுப்போன சேர்மன்

என் கொள்ளுத்தாத்தா நகரசபை சேர்மனாக இருந்தவர். இந்தக் காலத்துப் பேச்சில் மேயர் மாதிரி. தெற்கே ஒரு சின்ன நகரம், வெள்ளைக்காரர் ஆட்சி. தலைப்பாகையும் கோட்டுமாக அவர் நிற்கும் படம் எங்களோடு சென்னையிலிருந்து பஹ்ரைன் வந்து, குதைபியா பகுதியில் எங்கள் ஃபிளாட்டின் கூடத்தில் தொங்குகிறது. வக்கீல், இரண்டு முறை சேர்மன், ஊருக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர், உடம்பு முடியாமல் பதவியை விட்டவர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். குடும்பத்தில் ஒருவரைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும் என்று மகள் கேட்டபோது அதையே சொல்லிக்கொடுத்தேன்.

அந்த வாரம் ஏ.சி. சர்வீஸ் செய்ய ஒருவர் வந்தார். வேலை முடிந்து, டீ டம்ளரோடு அந்தப் படத்தின் முன் நின்றுவிட்டார்.

"சார், இவுக எங்கூரு சேர்மன்லா? எங்க தெரு படிப்பகத்துல இதே படம் இருக்கு."

என் கொள்ளுத்தாத்தா என்றேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். துப்புரவுத் தொழிலாளர்கள் குடியிருந்த தெரு அவருடையது. ஊரில் முதல் குழாயை அங்கேதான் போட வேண்டும் என்று சேர்மன் பிடிவாதமாக நின்றாராம். பெரிய தெருக்காரர்கள் அதை மன்னிக்கவில்லை.

"அடுத்த எலெக்சன்ல தோக்கடிச்சிட்டாவ சார். புதுசா வந்தவுக குழாயப் பிடுங்கப் பாத்தாவ. இவுக கோர்ட்டுக்குப் போயி நிப்பாட்டிட்டாவ. ஃபீஸ் ஒண்ணும் வாங்கல."

உடம்பு முடியாமல்தானே பதவியை விட்டார் என்று நான் முணுமுணுத்தேன். அப்படி அவர் கேள்விப்பட்டதில்லை.

அன்று மாலையே அப்பாவுக்குப் போன் செய்தேன். மெக்கானிக் சொன்னதைச் சொல்லிக் கேட்டேன்.

"நெஜந்தான்டா. நம்ம ஆளுங்களே ஓட்டுப் போடல. அதை எப்படி வெளியில சொல்றது? அதான் உடம்பு சரியில்லன்னு சொல்லிட்டு இருந்தோம்."

அவரிடம் கோபிக்கத் தோன்றவில்லை. உண்மையில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை நாள் சுவரில் ஒரு பதவிதான் இருந்தது. இப்போதுதான் அங்கே ஒரு மனிதர் வந்தார்.

மகளிடம் சொன்னேன். "ஸோ, ஹி லாஸ்ட்டாப்பா?" என்று கேட்டாள். ஆமாம், தோற்றார் என்றேன். எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். குழாய் எந்தத் தெருவில், கேஸ் எத்தனை நாள் நடந்தது என்று எனக்குத் தெரியாததை எல்லாம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை அந்த ஏ.சி. மெக்கானிக்கைச் சாப்பிட அழைத்தோம். தொழிலாளர் கேம்பிலிருந்து பஸ் பிடித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மகள் நோட்டோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, சாப்பாடு முடியவே மூன்று மணி ஆகிவிட்டது.