ஈரச் சுவருக்கு நீலப் பெயின்ட்

வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த பெரிய ஆபத்து என் கணவரின் தமையன்தான். தண்ணீராவது சொல்லாமல் வந்து சொல்லாமல் போனது. இந்த மனிதர் விடியற்காலையில் வந்தால் மத்தியானச் சோறு இறங்கும்வரை அசையமாட்டார். அரசாங்கக் கந்தோரில் கதிரையைத் தேய்த்துப் பென்சன் எடுத்தவர். ஒரு சட்டியைக்கூடத் தன் கையால் தூக்கி வைத்ததில்லை. ஆனால் அந்தச் சட்டியை எங்கே வைக்க வேண்டும் என்று ஊருக்கே சொல்லுவார்.

எங்கள் வீடு விடத்தல்தீவில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிறது. அந்த மாரியில் மேட்டுப்பக்கத்துக் குளங்கள் எல்லாம் நிரம்பி வழிந்து தண்ணீர் எங்கள் பக்கம் இறங்கியது. கடலும் பொங்கி நின்றதால் வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. வீட்டுக்குள் இடுப்பளவு ஏறி நின்றது. தண்ணீர் வடியும்வரை பள்ளிக்கூடத்தில் கிடந்துவிட்டுத் திரும்பி வந்து கதவைத் தள்ளினால் திறக்கவில்லை, உள்ளே அவ்வளவு சேறு. குளிர்சாதனப் பெட்டி குசினியில் குப்புறக் கிடந்தது. மெத்தையைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது. நான் வாசலிலேயே குந்தியிருந்து அழுதேன். அழுது முடிய எழும்பி விளக்குமாறைத் தேடினேன், அதுவும் மிதந்து போயிருந்தது.

அதற்குப் பிறகு நிவாரணம் தந்து படம் பிடிக்கிறவர்கள் வந்தார்கள். சப்பாத்தில் சேறு பட்டுவிடும் என்று கல்லுக்குக் கல் தாவி வந்து, ஒரு பருப்புப் பொதியை என் கையில் தந்து, அதை விடாமல் தாங்களும் மற்றப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படம் எடுத்த பிறகுதான் பருப்பு முழுதாக எனக்குக் கிடைத்தது. இன்னொரு கூட்டம் கோயில் மண்டபத்தில் எங்களை இருத்தி, ஈரமான வீட்டைப் பராமரிப்பது எப்படி என்று பாடம் எடுத்தது. யன்னல்களைத் திறந்து வையுங்கோ என்றாள் ஒரு பெண். "எங்கட யன்னலே வெள்ளத்தோட போட்டுது தங்கச்சி, இனி எதைத் திறக்க?" என்று எனக்குப் பின்னால் இருந்த மனுசி கேட்டாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தப் பெண் மட்டும் ஏதோ எழுதிக்கொண்டாள்.

இதெல்லாம் போகட்டும். எனக்கு நெஞ்சிடியாக இருந்தது வேறு விசயம். எங்கள் அந்த வீடுதான் மகளுக்குச் சீதனமாகப் பேசி முடித்த வீடு. மாப்பிள்ளை கடலுக்கு அங்கால் இருக்கிற தீவுப் பக்கம், வள்ளத்து எஞ்சின் திருத்துகிற பொடியன், குறை சொல்ல ஒன்றுமில்லை. கலியாணம் முடிய இரண்டு பேரும் அந்த வீட்டின் பெரிய அறையில்தான் இருக்கப் போகிறார்கள். தவக்காலத்தில் எங்கள் கோயில்களில் கலியாணம் வைப்பதில்லை. விபூதிப் புதனுக்கு முன்னால் நடத்த வேண்டும், இல்லாவிட்டால் உயிர்த்த ஞாயிறு கழியும்வரை பொறுக்க வேண்டும். தவக்காலத்துக்கு முதலே நடத்துவதாகத்தான் பேச்சு. வெள்ளத்துச் செய்தி கேட்டதும் மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் சொன்னாள்: "நத்தார் கழிய வந்து வீட்டை ஒருக்காப் பாக்கிறம்." கிறிஸ்மஸ் கழியட்டும் என்று தேனொழுகத்தான் சொன்னாள். வீடு பழுதென்றால் பேச்சும் முறியும், அது எங்களுக்குத் தெரியாதா?

சேற்றை அள்ளிக் கழுவி முடித்து, மகள் அந்தப் பெரிய அறையில் படுக்கத் தொடங்கினாள். மற்ற அறையின் சீலிங் கழன்று விழுந்து கிடந்தது, வேறு இடமில்லை. படுத்த கொஞ்ச நாளிலேயே இருமல் பிடித்தது. தடிமன் காய்ச்சல் ஒன்றுமில்லை, வெறும் இருமல். விறாந்தைக்கு வந்தால் நின்றுவிடும், உள்ளே போனால் தொடங்கும். சுவரைப் பார்த்தேன். அடியில் உப்புப் பூத்திருந்தது, அதற்கு மேல் கட்டில் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம். கையை வைத்தால் கை ஈரமானது. கருவாடு காயப்போடுகிற எவளுக்கும் இது தெரியும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், அப்படியே கட்டி வைத்தால் புழுத்துப்போகும்.

"இஞ்சாருங்கோ, பூச்சைக் கொத்திப்போட்டுச் சுவரைக் காய விடுவம். கலியாணத்தை உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு வைப்பம். பிள்ளை இருமுறாள்" என்றேன் கணவரிடம்.

"கலியாணத்தைத் தள்ளிப் போட்டால் சனம் என்ன கதைக்கும் எண்டு தெரியுமோ?"

"பிள்ளைக்கு நெஞ்சு பழுதாப்போனால் சனமோ வந்து பாக்கும்?"

அவர் தமையனைத் திரும்பிப் பார்த்தார். பதில் சொல்லத்தான் தமையன் இருக்கிறாரே. "பிள்ளை, நீ குசினியைப் பார். இது ஆம்பிளையளின்ர வேலை" என்றார் என்னிடம், என் குசினியில் நான் ஊற்றிய பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே.

ஆம்பிளைகளின் வேலை இப்படி நடந்தது. அறையை இறுக்கப் பூட்டி, உள்ளே சட்டியில் சிரட்டைக்கரி மூட்டி வைத்தார்கள். சுவர் காயவில்லை, சீலிங் கறுத்தது. பூஞ்சணத்தைத் துணியால் துடைத்தார்கள். துடைத்ததும் போய்விட்டதாம்! பிறகு பெயின்ட். மினுங்குகிற பிளாஸ்டிக் பெயின்ட், மாதாவின் சேலை மாதிரி நீலம். அதுதான் ராசி என்று தமையன் தெரிவு செய்தார். என் கணவர் ஏணியில் நின்று பூசினார், இவர் கீழே நின்று விரலால் காட்டினார். பூசி முடிந்த அன்று அறை அழகாகத்தான் இருந்தது. தமையன் வாசலில் நின்று தன் கையால் பூசியவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திப் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு கிழமை போகவில்லை, சுவரில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. விரலால் அமத்தினால் உள்ளே தண்ணீர் அசைந்தது.

அப்போதாவது புத்தி வந்ததா? ஒரு கொப்புளத்துக்கு முன்னால் அலுமாரியை இழுத்து வைத்தார்கள். அடுத்ததுக்கு மேல் கலண்டர். எல்லாவற்றிலும் பெரியதை மறைக்க, விறாந்தையில் இருந்த இருதய ஆண்டவர் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து கட்டிலுக்கு மேலே மாட்டினார்கள். ஆண்டவரையே பொய்ச்சாட்சிக்கு நிறுத்திவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "மிச்சக் கொப்புளத்துக்குப் பங்குச் சுவாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்து நிப்பாட்டுங்கோ" என்றேன். கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மகள் சிரிக்கப் போய் இருமினாள்.

சொன்னபடி மாப்பிள்ளையின் தாய் தன் தம்பியோடு வந்து இறங்கினாள். வந்தவள் கதிரையில் இருக்கவில்லை. பைப்பைத் திறந்து பார்த்தாள், கதவைச் சாத்திப் பார்த்தாள், குசினிக்குள் என் பானையின் மூடியையும் ஏன் திறந்தாள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு பெரிய அறைக்குள் போனாள். படத்துக்கு முன்னால் நின்று சிலுவை அடையாளம் போட்டாள். "அறை வடிவாக் கிடக்கு" என்றாள். என் கணவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்து மகள் தேத்தண்ணீர்த் தட்டத்தோடு உள்ளே வந்தாள். வந்ததும் இருமல் தொடங்கியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கோப்பைகள் ஆடின. நான் ஓடிப்போய்த் தட்டத்தை வாங்கினேன். அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்று இருமினாள்.

மாப்பிள்ளையின் தாய் அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். "பிள்ளைக்குத் தொய்வு கிய்வு இருக்கோ? இருந்தால் முதலே எங்களுக்குச் சொல்லியிருக்கலாமே."

சுவர் ஈரம் என்றால் வீட்டுக்குத்தான் குறை. பெண்ணுக்குத் தொய்வு, மூச்சிழுக்கிற வருத்தம் என்று ஒரு கதை தீவு முழுக்கப் போனால், இந்தக் கலியாணம் மட்டுமல்ல, இனி எந்தக் கலியாணமும் இல்லை. அது என் கணவருக்கும் உறைத்தது. அதுவரை சுவரை மறைத்த மனிதர் பாய்ந்து முன்னால் வந்தார்.

"ஐயோ அக்கா, பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லை! சுவர்தான்! சுவர் ஈரம்!"

"பெயின்ட் அடிச்ச சுவரெல்லோ?" என்றாள் அவள், நம்பாமல்.

அவர் படத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். அவ்விடம் கொப்புளம் ஒரு சோற்றுக் கோப்பை அளவுக்கு வீங்கி நின்றது. மடியிலிருந்த, கதவு பூட்டுகிற திறப்புக் கோர்வையை எடுத்து அதற்குள் குத்தி இழுத்தார். நீலப் பெயின்ட் பாலாடை மாதிரி உரிந்து வந்தது. உள்ளே கறுப்பு. ஊத்தைத் தண்ணீர் வடிந்து மெத்தை விரிப்பில் விழுந்தது. நாற்றம் ஒன்று கிளம்பியது பாருங்கள், ஆண்டவரே! அவர் நிறுத்தவில்லை. கலண்டரைப் பிடுங்கி எறிந்து அங்கேயும் கிழித்தார். பூச்சு பொதபொதவென்று அவரின் புதுச் சேட்டில் விழுந்தது. தான் பூசியதைத் தானே பேய் பிடித்தவர் மாதிரி உரித்தார். எனக்கு அந்த நேரம் அவரில் கொஞ்சம் இரக்கம் வந்தது, சொல்லாமல் விட்டால் பாவம்.

மாப்பிள்ளையின் தாய் கிட்டப் போய் எட்டிப் பார்த்தாள். பார்த்தவளுக்கு இருமல் பிடித்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருமி இருமி, கண்ணில் தண்ணீர் வர, விறாந்தைக்கு ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் மகளும் வந்தாள். காற்றுப் பட்டதும் இரண்டு பேருக்கும் இருமல் நின்றது.

மாப்பிள்ளையின் தாய் கதிரையில் இருந்து மூச்சு வாங்கினாள். பிறகு என் மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள். "இந்த அறைக்குள்ள இரண்டு பிள்ளையளையும் நான் படுக்க விடமாட்டன். சுவர் காயட்டும். கலியாணத்தை உயிர்த்த ஞாயிறு கழிய வைப்பம்" என்றாள். பானை மூடி திறந்தவள்தான், ஆனால் மூளை இருந்தது.

நான் கிழமைக் கணக்காகத் தொண்டை கிழியச் சொன்னதைத்தான் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். நான் சொன்னபோது அது குசினிப் பேச்சு. அவள் சொன்னதும், பின்னால் வந்து நின்ற என் கணவர் தலையாட்டினார். அதுவரை விறாந்தைக் கதிரையை விட்டு அசையாத தமையன் வாயில் இருந்த வடையை விழுங்கிவிட்டுச் சாய்ந்தார்.

"நானும் அதைத்தானே முதலில இருந்து சொல்லிக்கொண்டு வாறன். ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கக் கூடாது. பூச்சைக் கொத்தவேணும். ஆர் கேட்டது?"

நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். கைக்கு அகப்பட்டது தோசைக் கரண்டி. கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினேன்.

"அப்ப நீங்களே தொடங்குங்கோ அத்தான்."

அவர் என்னைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார். கணவர் நிலத்தைப் பார்த்தார்.

"ஓம், விசயம் தெரிஞ்சவர்தானே செய்யவேணும்" என்றாள் மாப்பிள்ளையின் தாய், சிரிப்பும் பகிடியும் இல்லாமல்.

அவர் எழும்பினார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோசைக் கரண்டியோடு அறைக்குள் போனார். மகளுக்கு நான் வேறு தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவள் ஒரு செருமல்கூட இல்லாமல் முழுதாகக் குடித்தாள். உள்ளேயிருந்து சுரண்டுகிற சத்தம் கேட்டது, கொஞ்சத்தில் அவர் இருமுகிற சத்தமும் கேட்டது. ஒருவரும் எழும்பிப் போகவில்லை.