குதிகாலில் இருந்த கட்டி

கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுத்த காலத்தில் கரும்பலகையில் ஒரு கல்லீரல் செல்லை வரைந்து, அதன் விளிம்பில் சின்னச் சின்னக் கைகள் போடுவேன். அவைதான் எல்.டி.எல். ஏற்பிகள். இரத்தத்தில் ஓடும் கொழுப்பைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு மறுபடி வெளியே வரும். அந்தக் கையைச் செய்யும் மரபணு தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானால் நடுவயதில் மாரடைப்பு வரலாம். இரண்டும் பழுதானால் பள்ளிப் பருவத்திலேயே வரலாம்.

எனக்கு ஒன்று பழுது. மாரடைப்பு வந்து குரோம்பேட்டை மருத்துவமனையில் படுத்திருந்தபோது, குதிகாலுக்கு மேல் தடித்திருந்த கட்டியை மருத்துவர் தடவிப் பார்த்தார்.

"சார், இது கொழுப்பு படிஞ்சு வந்த கட்டி. குடும்பத்துல வர்றது. கூடப் பொறந்தவங்க, பிள்ளைங்க எல்லாருக்கும் ரத்தம் பாத்துடுங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மகனுக்குத் தங்கை மகளைப் பேசி முடித்திருந்த நேரம். முறைப்பெண். நோயைச் சொன்னால், பெண் எடுக்க மனமில்லாமல் அண்ணன் சாக்குச் சொல்கிறான் என்று தங்கை நினைப்பாள். மாத்திரையை வைட்டமின் டப்பாவில் போட்டு வைத்து விழுங்கினேன். சேலையூரில் கல்யாணம். பந்தியில் நானே நின்று பரிமாறினேன்.

பேத்தி பள்ளிக்குப் போகத் தொடங்கியபோது அவள் முட்டியிலும் விரல் மூட்டிலும் மஞ்சளாகத் தடிப்புகள் தெரிந்தன. மரு என்று மருமகள் களிம்பு தடவிக்கொண்டிருந்தாள். ஒருநாள் குழந்தை என் காலடியில் உட்கார்ந்து என் குதிகால் கட்டியைத் தொட்டாள்.

"தாத்தா, உனக்கும் இருக்கு. உன்னப் பாத்து காப்பி அடிச்சுட்டேன்."

ரத்தம் பார்த்தார்கள். இரண்டுமே பழுது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவள் இரத்தத்தை இயந்திரத்தில் விட்டுக் கொழுப்பைப் பிரித்தெடுக்கிறார்கள்.

"இதத்தான மாமா பாடம் எடுத்தீங்க? தெரியாமயா இருந்துச்சு?" என்று மருமகள் கேட்டாள்.

"தெரியும்மா."

அவள் சத்தம் போடவில்லை. "எனக்கு மட்டும் ஏன்னு பாப்பா கேக்கறா. நீங்களே சொல்லுங்க."

அடுத்த முறை நானும் மருத்துவமனைக்குப் போனேன். இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, தாளில் அதே செல்லை வரைந்து காட்டினேன்.

"அப்பா குடுத்ததும் ரிப்பேர், அம்மா குடுத்ததும் ரிப்பேரா?"

"ஆமா."

"அவங்களுக்கு யாரு குடுத்தா?"

"அப்பாவுக்கு நான். அம்மாவுக்கு உன் பாட்டி, என் தங்கச்சி. இப்படி ஆகலாம்னு எனக்கு முன்னாடியே தெரியும். சொல்லல."

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தை படத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஏன் சொல்லல?"

"உன் பாட்டி கோவிச்சுப்பாளோன்னு," என்றேன். சொல்வதற்கு வேறு காரணம் என்னிடம் இல்லை.