ஏற்றத்தில் தொங்கிய தண்ணீர்ப் பை

வெர்லா ஓட்டாத வண்டி கிடையாது. டிராக்டர், பள்ளிக்கூட பஸ், வைக்கோல் லாரி எல்லாம் அவள் கைக்கு அடங்கியவை. புருஷன் ஆரினின் டிரக்கை மட்டும் அவள் தொட்டதே இல்லை. அது அவன் செல்லம். இந்த வருஷம் எஞ்சின் மேல் சூப்பர்சார்ஜர் வேறு மாட்டியிருந்தான். காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிற சாமான் அது, வண்டி பாயும். ஆனால் அமுங்கிய காற்று கொதிக்குமே? அதை ஆற்ற, முன்பக்க வலைக்குப் பின்னால் ஒல்லியான இன்னொரு ரேடியேட்டரையும் அவனே பொருத்தினான்.

ஜூலை வெயில். கன்றுக்குட்டி உதைத்து ஆரினின் கால் மாவுக்கட்டில் கிடந்த நேரம் பார்த்து, அவர்களுடைய பெண்குதிரை ஜூனிப்பருக்குக் குடல் முறுக்கிக்கொண்டது.

"ஃபீனிக்ஸ் பக்கம் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணணும்மா, சாயங்காலத்துக்குள்ள," என்றார் பக்கத்து ஊரான ஷோ லோவிலிருந்து வந்த கால்நடை டாக்டர். "இல்லன்னா சொல்லுங்க, இங்கேயே ஊசி போட்டு முடிச்சிடறேன்."

வெர்லா ஆரினின் டிரக்கோடு பின்வண்டியைக் கோத்தாள். அதில் குதிரையை ஏற்றினாள்.

"பையை மாட்டினியா?" என்றான் பக்கத்து இருக்கையில் கட்டுக்காலோடு ஏறிய ஆரின். பாலைவனத்துக்காரர்கள் டிரக் முன்னால் தொங்கவிடும் கேன்வாஸ் தண்ணீர்ப் பை. அவன் அப்பா காலத்திலிருந்து, அது இல்லாமல் ஃபீனிக்ஸ் வழியிலுள்ள சால்ட் ரிவர் பள்ளத்தாக்கைத் தாண்டியவர் அந்த வீட்டில் இல்லை. மாட்டினாள்.

ஆறு வரைக்கும் இறக்கம், பிரச்சினை இல்லை. பாலத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது.

"ஏசியை நிறுத்து. ஹீட்டரைப் போடு."

"யோவ், வெளியில அடுப்பு எரியுது. உள்ளயும் மூட்டணுமா?"

"எஞ்சின் சூட்டை நாம வாங்கிக்கணும் புள்ள. கியரைக் குறை. மிதிக்காத, மிதிக்காத! மிதிச்சா சார்ஜர் காத்தை இன்னும் அமுக்கும்."

"நீ வாயை மூடினாலே பாதி சூடு குறையும்."

சின்ன கியரில், காலை மெல்ல வைத்து, ஆமைபோல ஏறினாள். சன்னல் வழியே அனல். காலடியில் ஹீட்டரின் அனல். வியர்வை கண்ணுக்குள் வழிந்தது. பின்வண்டியில் ஜூனிப்பர் பலகையை உதைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வெர்லா கண்ணாடியில் பின்வண்டியைப் பார்த்துக்கொண்டே ஏறினாள்.

இரண்டாவது வளைவில் வண்டி மூச்சுத் திணறியது. அழுத்தினாலும் இழுக்கவில்லை. முள் சிவப்பைத் தொட, ஓரம் கட்டினாள்.

"எஞ்சினை அணைக்காதே! ஓடட்டும், அப்பதான் தண்ணி சுத்தும்," என்று கத்தினான் ஆரின். "எல்லாம் சரியாத்தானே பண்ணினோம்..." அவன் குரல் உடைந்திருந்தது.

வெர்லா முதலில் பின்னால் ஓடினாள். ஜூனிப்பர் தலை தொங்க நின்றது. வயிறு பறைபோல உப்பியிருந்தது. இங்கேயே நின்றால் வெயிலே கொன்றுவிடும். முன்னால் வந்து வண்டியின் முகத்தைப் பார்த்தாள். கொழுகொழுவென்று பை. அதன் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் ஒல்லி ரேடியேட்டர். பை அதன் மார்பை அப்படியே அடைத்துக்கொண்டிருந்தது.

பையைக் கழற்றி, சன்னல் வழியாக அவன் மடியில் போட்டாள்.

"இதான். உன் புது ரேடியேட்டருக்குக் காத்தே போகல."

பழைய டிரக்கில் இருபது வருஷம் பையை அதே இடத்தில் மாட்டியவன். இதில் புது ரேடியேட்டரைப் பொருத்தியதும் அவனே. அவன் முகம் வெளிறியது.

"நான்தான் மாட்டச் சொன்னேன்," என்றான்.

"அப்புறம் திட்டறேன். இரு."

முள் இறங்கும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் பையிலிருந்து பாதித் தண்ணீரை ஜூனிப்பரின் கழுத்திலும் தொடைகளுக்கு நடுவிலும் ஊற்றினாள். குதிரை ஒருமுறை காதை அசைத்தது. வெர்லாவுக்கு அழுகை வந்தது, அழ நேரமில்லை.

மிச்ச ஏற்றத்தில் ஆரின் ஒரு வார்த்தை பேசவில்லை. முள்ளும் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜூனிப்பரை உள்ளே கொண்டுபோய் மூடிய கதவுகள், வெகுநேரம் கழித்துத்தான் திறந்தன.

"கொஞ்சம் குடலை வெட்ட வேண்டியதாப் போச்சு. இன்னும் தாமதிச்சிருந்தா வயித்தைத் திறந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது," என்றாள் அறுவை டாக்டர். "எழுந்து நிக்குது. இந்த வாரம் தாண்டணும்."

ஆரினின் மடியில் இன்னும் அந்த ஈரப் பை இருந்தது. வெர்லா அதை வாங்கி, மிச்சமிருந்ததை ஒரு மிடறு குடித்துவிட்டு அவனிடம் நீட்டினாள்.

"குடி. இப்ப திட்டலாமா?"

"திட்டு புள்ள," என்றான்.

அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.