தூக்குச்சட்டியில் இருந்த பெயர்

பொன்னுத்தங்கத்துக்குக் கோபம் வர நேரம் காலம் கிடையாது. பன்னிரண்டு வருடமாகப் பட்டாசுக்குத் திரி சொருகுகிறவள். காலையில் திருத்தங்கலில் கம்பெனி வேன் ஏறினால் இருட்டும்போதுதான் இறங்குவாள். வேன் தாமதமானாலும் ஏசுவாள், சீக்கிரம் வந்தாலும் ஏசுவாள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்க்கிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

ஆனால் அந்த வருடம் வந்த கோபத்தில் நியாயம் இருந்தது. எங்கோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடித்து ஆறு பேர் செத்துப்போனார்கள். உள்ளூர் கேபிள்காரன் அதை வாரக்கணக்கில் ஓட்டினான். கரிக்கட்டையாகக் கிடந்தவர்களைக் கிட்டே போய்ப் படம் பிடித்திருந்தார்கள். நடுநடுவே நகைக்கடை விளம்பரம் வேறு. சோறு கொண்டுபோன, நசுங்கிய தூக்குச்சட்டி ஒன்றைக் காட்டி, அதில் வெட்டியிருந்த பெயரை வைத்துத்தான் ஆள் இன்னார் என்று தெரிந்ததாகச் சொல்லி, அந்தப் பெயரை வாசித்தார்கள். வீட்டில் இருந்தது அரசாங்கம் கொடுத்த புது டிவி. மகள் மாரிசெல்வியை மடியில் வைத்துக்கொண்டு பொன்னுத்தங்கமும் அத்தனையையும் பார்த்தாள்.

இரண்டாம் வகுப்புப் படிக்கிற மாரிசெல்வி அதிலிருந்து படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். வேன் சத்தம் கேட்டால் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாள். இரண்டு நாள் வேனைத் தவறவிட்டு, சூப்பர்வைசரிடம் பேச்சு வாங்கியதுதான் மிச்சம். பயந்த கோளாறாக இருக்கும் என்று பள்ளிவாசல் முன்னால் நின்று, தொழுதுவிட்டு வந்தவர்களிடம் ஓதி ஊதச் சொன்னாள். கொஞ்சம் தெளிந்தது. மறுபடி டிவியில் அதே படம். கேபிள்காரன் சீனிவாசகத்திடம் போய்ச் சண்டை போட்டாள். சனங்கள் கேட்கிறார்கள், வேண்டாமென்றால் அணைத்துவிட்டுப் போங்கள் என்றான். அடுத்த வீட்டு டிவி அலறுவதை எந்தச் சுவிட்சைப் போட்டு அணைப்பது என்று கேட்டுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழாயடியில் ஒரே கூச்சல். வேனில் போகிற பெண்கள் கழுவிக் கவிழ்த்திருந்த பத்துத் தூக்குச்சட்டிகளிலும் பெயர் வெட்டியிருந்த இடம் கன்னாபின்னாவென்று சுரண்டிக் கிடந்தது. பக்கத்தில் ஆணியும் கையுமாக மாரிசெல்வி. தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு அய்யம்மாளின் சட்டி மட்டும் வீட்டுக்குள் இருந்ததால் தப்பியது. ஆனால் அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. பிள்ளை வளர்க்கிற லட்சணத்தைப் பார் என்றாள். பொன்னுத்தங்கம் ஆத்திரத்தில் மகள் முதுகில் இரண்டு வைத்தாள்.

"எதுக்குடி இந்த வேல பாத்த?"

மாரிசெல்வி அழவில்லை.

"பேரு இருந்தாத்தானம்மா டிவில வாசிக்காக. உம்பேரையும் அழிச்சிட்டேன். வேன்ல வார எல்லாரு பேரையும் அழிச்சிட்டேன்."

வந்த பெண்கள் சட்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பொன்னுத்தங்கம் அடித்த இடத்தைத் தடவிக் கொடுத்தாள். சீனிவாசகத்தைத் திட்ட வாயெடுத்தாள். மடியில் உட்காரவைத்துக் காட்டியது யார் என்று நினைத்ததும் விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை வேன் வந்து நின்றது. மாரிசெல்வி வழக்கம்போலச் சேலையைப் பிடித்திருந்தாள். அய்யம்மாள் வேனில் ஏறாமல் நேரே அவளிடம் வந்து தன் தூக்குச்சட்டியை நீட்டினாள்.

"எம்பேரு மட்டும் அப்படியே இருக்குல்ல தாயி. அதையும் அழிச்சிரு."

மாரிசெல்வி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆணியை எடுத்துவந்து வாசலில் உட்கார்ந்தாள். சட்டியைப் பிடிக்க ஒரு கை, சுரண்ட ஒரு கை வேண்டியிருந்தது. சேலையை விட்டிருந்தாள்.

டிரைவர் ஆரன் அடித்தான். பொன்னுத்தங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள்.