நூற்றுப் பன்னிரண்டாம் இடம்

மேட்டுப்பாளையம் கலைவாணியை அடக்கமானவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பஞ்சாலைத் தொழிலாளி பாவாடையின் மகள், கம்ப்யூட்டரில் உயிரியல் ஆய்வு செய்பவள். ஆய்வுக்கூடத்தில் அவள் வாயை அடைக்க ஆள் கிடையாது.

ஒரே வகைப் புரதம் பல உயிர்களில் இருக்கும். அதன் ஒவ்வொரு துணுக்குக்கும் ஓர் எழுத்து வைத்து, ஓர் உயிருக்கு ஒரு வரியாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவாள். அநேகமாக எல்லா வரியிலும் மாறாமல் நிற்கும் எழுத்து எதுவோ, புரதத்தின் உயிர்நாடி அங்கேதான் என்று புரோகிராம் சிவப்பில் காட்டும். 2006-இல் அது நூற்றுப் பன்னிரண்டாம் இடத்தைக் காட்டியது.

"நல்லா பாத்தியாக்கா?" என்று கேட்டான் பக்கத்து மேசை அன்பழகன். அந்த எழுத்தை மாற்றினால் புரதம் செயலிழக்கிறதா என்று சோதனைக்குழாயில் பார்ப்பது அவன் வேலை.

"நூத்துக்குத் தொண்ணூறு வரி ஒரே எழுத்தச் சொல்லுது. அப்புறம் என்னடா சந்தேகம்? போய் வேலையப் பாரு."

போனான். ஒரு வருஷம் மாற்றி மாற்றிப் பார்த்தான். அந்தப் பாழாய்ப்போன புரதம் எதுவும் நடக்காததுபோல வேலை செய்தது. "ஒன் கைதான் சரியில்ல" என்று அவள் கேலி செய்ததை அவனும் நம்பிவிட்டான்.

"ஆராய்ச்சி எனக்கு ஒத்துவராதுக்கா. ஃபேக்டரியில வேல கெடச்சிடுச்சு. மத்தியானம் வெலகல் கடுதாசியில கையெழுத்து போட்டுடுறேன்" என்றான் ஒரு நாள் காலையில்.

அவனுக்குப் பதிலாக வருபவருக்குக் கொடுக்கலாமென்று கோப்பைத் திறந்தாள். அதுவரை நிறத்தை மட்டுமே பார்த்திருந்தவள், அன்றைக்குத்தான் ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று படித்தாள்.

தொண்ணூறு வரிகளுக்கு ஊர் வேறு, ஆஸ்பத்திரி வேறு, கிருமி மட்டும் ஒன்றே! சலித்துப் பார்க்காமல் அள்ளிப் போட்டிருக்கிறாள். ஒரே ஆள் திரும்பத் திரும்ப வந்து போட்ட கள்ள ஓட்டு. நகல்களைக் கழித்துவிட்டு புரோகிராமை மறுபடி ஓட்டினாள். கொஞ்ச வரிகளே மிஞ்சின. நூற்றுப் பன்னிரண்டாம் இடத்தில் ஆளுக்கொரு எழுத்து. அடக்கடவுளே, ஒருத்தன் வாழ்க்கையையே கெடுக்கப் பார்த்தோமே!

எழுந்து ஓடினாள். அவன் தோளில் பையோடு வராந்தாவில் போய்க்கொண்டிருந்தான்.

"அன்பு, கையெழுத்து போடாத! ஒன் சோதன சரிடா. நான் குடுத்த எடந்தான் தப்பு. அந்தத் தொண்ணூறு வரியும் ஒரே கிருமிடா... நான் பாக்கலடா."

அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. திட்டுவான் என்று நின்றாள். அவனோ தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப... என் கை நல்ல கைதானாக்கா?"

அந்த வாயாடி ஆமாமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.