மருந்தடித்த கத்தரிக்காய்

என் மனைவியின் தம்பிக்குக் குறிஞ்சிப்பாடிப் பக்கம் கத்தரிக் கொல்லை. சந்தைக்குப் போகிற செடிகளுக்கெல்லாம் பூச்சிமருந்து அடிப்பான். வீட்டுச் சமையலுக்கென்று கிணற்றோரம் இரண்டு வரிசையை மட்டும் அடிக்காமல் விட்டுவிடுவான். அந்தப் பக்கம் பலரும் அப்படித்தான். செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுக்கு வருவது அந்த வரிசைக் காய். அதை அக்கம்பக்கத்தில் சொல்லி நான் பீற்றிக்கொள்ளாத நாளில்லை.

மகள் சிதம்பரம் அண்ணாமலை நகரில் குடியிருக்கிறாள். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. அப்போது ஏழாம் மாதம். அவளைப் பார்க்கப் போகிற வழியில் காலையில் கொல்லையில் இறங்கினேன். மச்சான் எனக்காகக் கட்டிவைத்திருந்த பையைப் பிரித்தால் பாதிக் காயில் புழு ஓட்டை. வாயும் வயிறுமாக இருக்கிறவளுக்குச் சொத்தைக் காயையா கொடுப்பது? அவன் மோட்டார் போடப் போன நேரத்தில், பக்கத்துச் சாக்கிலிருந்து பளபளப்பானதாகப் பொறுக்கிப் பையை நிரப்பிக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

மகளிடம் காயைக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவில் ஒரு வேலையாக நின்றிருந்தேன். மணி இரண்டிருக்கும். மச்சான் போன் செய்தான்.

"மாமா, சாக்குலேர்ந்து காய் எடுத்தீங்களா?"

"ஆமா. நல்லதா கொஞ்சம் எடுத்தேன்."

"அது நேத்து சாயங்காலம் மருந்தடிச்சது மாமா. சமைக்க வேணாம்னு சொல்லுங்க."

"அடிச்ச மறுநாளேவா சந்தைக்கு அனுப்புற?"

"ஓட்டை இருந்தா எவன் வாங்குறான்? நீங்களே எடுக்கலியே."

மகளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து மகள் வீட்டுக்கு ஓடினேன். அவள் சாப்பிட்டுச் சாய்ந்திருந்தாள்.

"கத்தரிக்காய் நல்லா இருந்துச்சுப்பா. ரெண்டு வாட்டி போட்டுக்கிட்டேன்."

"குழந்தை அசையுதாம்மா?"

"காலைல அசைஞ்சுது. இப்ப தூங்குது போல."

விஷயத்தைச் சொல்லி, அப்படியே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வழி நெடுக அவள் வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. மருத்துவர் கருவி வைத்துக் கேட்டார். இதயத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. நான் வாய்விட்டு அழுதேன்.

"கழுவி, வேகவச்சு ஒரு வேளை சாப்பிட்டதுல பெரும்பாலும் ஒண்ணும் ஆவாது. வாந்தி, தலைசுத்தல் வந்தா உடனே வாங்க," என்றார் அவர். "தினமும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போறதுதான் கவலை."

கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் வாங்குவதெல்லாம் சந்தைக் காய்தான். ஓட்டையில்லாமல் பார்த்து எடுக்கச் சின்ன வயதிலேயே பழக்கிவிட்டவன் நான். ஒரு கேள்வி என் வாய் வரைக்கும் வந்தது. பதிலுக்குப் பயந்து விழுங்கிக்கொண்டேன்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அவளே கேட்டுவிட்டாள்.

"அப்போ, முன்னாடி ரெண்டும் போனது இதனாலதானாப்பா?"

"தெரியலம்மா," என்றேன்.