மைக்கில் வராத பெயர்

"ஒங்க வீட்டு ஆளுக வாயில என்னைக்காச்சும் ஒரு பேச்சு நின்னுருக்கா, ஒன் வாயில நிக்க?"

பீரோ சாவியை என்னிடம் கொடுக்கலாமே என்று கேட்டதற்கு, எங்கள் கலை மன்றத்தின் செயலாளர் சொன்ன பதில் இது. கோபமாகச் சொல்லவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தபடிதான் சொன்னார். என் அம்மா போடியில் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். சுளகில் காயைப் பரப்பிக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்தால், பொழுது சாய்வதற்குள் பச்சைக் காய் தனி, வெடிப்புக் காய் தனி என்று பிரிந்துவிடும். ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தது என்பதும் அதோடு சேர்ந்து பிரிந்துவிடும். அதைத்தான் அவர் குத்திக் காட்டினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ப்ளஸ் டூ முடித்து, டைப்பிங்கில் லோயர் தேறியிருந்தேன். பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் இது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

சாவி மன்றத்தில் என்னோடு வேலை பார்த்த இன்னொருத்தியிடம் இருந்தது. அவள் காபித்தூள் கடைக்காரர் மகள். மதுரையில் பி.ஏ. படித்தவள். அப்பாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்குவாள். இடுப்பில் செருகிய கைக்குட்டையின் முனையில் சாவியை முடிந்திருப்பாள். பீரோவைத் திறக்கும்போது கதவு கொஞ்சம் முனகும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு எழுதிக்கொண்டிருக்கும் வரி கோணும். அவள் நல்லவள் என்பது இன்னும் எரிச்சல். தன் டிபனில் பாதியை மூடியில் வைத்து என் பக்கம் தள்ளுவாள். "சாப்பிடு புள்ள, எங்கம்மா ஒனக்கும் சேத்துத்தான் வச்சாங்க" என்பாள். வாங்கிச் சாப்பிடுவேன். ருசியாக இருக்கும். அதுவும் பிடிக்காது.

மன்றத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு நடக்கும். தைப் பொங்கல் முடிந்து ஆண்டு விழா. ஆடிப் பாடித் தளர்ந்துபோன கலைஞர்களுக்கு அந்த விழாவை ஒட்டி உதவிக் கவர் கொடுப்பார்கள். உதவி கேட்டு மலையிலிருந்தும் கீழ் ஊர்களிலிருந்தும் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அவர்கள் சொல்லச் சொல்ல மனுவில் எழுதுவது என் சோலி. வராந்தாவில் என் மேஜை. தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நான் எழுதுவதைப் பார்க்கலாம். அப்பாவோடு மூட்டை தூக்கும் கூட்டாளிகள் லோடு ஏற்றிவிட்டுப் போகும்போது, "என்ன ஆத்தா, பேனா தேஞ்சிராம" என்று கேலி பேசுவார்கள். அந்த இடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன்.

பீரோ வந்ததற்கும் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் விழா முடிந்ததும் பழைய மனுக்களை எடைக்குப் போட்டுவிடுவார்கள். ஒரு முறை நையாண்டி மேளக்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டில் வடை வாங்கித் தின்றிருக்கிறார். எண்ணெய் ஒற்றுவதற்குக் காகிதத்தைத் திருப்பினால், அவருடைய மனுவேதான். இரண்டு சம்சாரம் என்பதிலிருந்து மூல வியாதி வரை எல்லாம் இருந்தது. வடைக்காரர் ஏற்கெனவே வாசித்திருந்தார். "மூலத்துக்கு வட ஆகாதுண்ணே" என்று சொல்லியிருக்கிறார். மேளக்காரர் வடையைக் கையில் பிடித்தபடியே மன்றத்துக்கு வந்து கத்திய கத்தில் செயலாளர் வெலவெலத்துப் போனார். மறு வாரம் இரும்பு பீரோ வந்தது. சாவி அவள் கைக்குப் போனது.

நான் எழுதிய மனுக்கள்தான் உள்ளே இருந்தன. எழுதி முடித்து நீட்டினால், அவள் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டுவாள். என் கையெழுத்தை நானே திரும்பப் பார்க்க வேண்டும் என்றால் அவளைக் கேட்க வேண்டும். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த வருஷம் கரகம் ஆடிய ஒரு அக்கா வந்தார். மலைச் சரிவில் ஏலத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. முறை வந்தும் உட்காராமல், பின்னால் நிற்கிறவர்களை எல்லாம் முன்னால் விட்டுக்கொண்டே இருந்தார். வராந்தாவில் யாரும் இல்லை என்றான பிறகுதான் ஸ்டூலை இழுத்தார்.

"எழுது தாயி. ஆனா இது வெளிய போகக் கூடாது. மகளுக்குச் சிலமலையில பேசி முடிச்சிருக்கோம். வெவசாயக் குடும்பம். கரகக்காரி மகள்னு தெரிஞ்சா வெத்தல மாத்துனத அப்பிடியே திருப்பிருவாக. எம் மகளுக்கே நான் ஆடுனது தெரியாது."

"இங்க பீரோ இருக்குக்கா. பூட்டு இருக்கு."

"பூட்டு இருக்கட்டும். நீ சொல்லிப்புடாத."

"சொல்ல மாட்டேன்."

"ஒங்க விழாவன்னைக்குத்தான் சம்பந்தகாரக கூட சேல எடுக்கப் போடிக்கு வர்றோம். கூட்டத்துல வந்து வாங்க முடியாது. பொறத்தால வந்து வாங்கிக்கிடறேன்."

ஒரு சீட்டில் மனு நம்பரை எழுதிக் கொடுத்தேன். எல்லாருக்கும் கொடுப்பதுதான். அதை மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு ஜீப்பு பிடிக்க நொண்டி நொண்டிப் போனார்.

எங்கள் பக்கத்தில் மொய் வைத்தால் மைக்கில் பெயர் வர வேண்டும். ஊர், தகப்பன் பெயர், இன்னார் என்று முழுதாக வர வேண்டும். வராவிட்டால் அது பெரிய அவமானம். மன்ற விழாவிலும் நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை அப்படித்தான் வாசிப்பார்கள். அதை வாசிக்க எனக்கு ஆசை. கோப்பை வாங்கிய குரல் அல்லவா. அந்த வருஷமும் செயலாளர் அவளைத்தான் கூப்பிட்டார். நான் மேடைக்குக் கீழே ரோஜாப்பூத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரேடியோ செட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு வரை ஸ்பீக்கர் குழாய் கட்டியிருந்தார். ஜவுளிக் கடைத் தெரு முழுக்க அவள் குரல்தான் கேட்டது. அவள் எங்காவது திக்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன். திக்கவில்லை.

நன்கொடைப் பெயர்கள் முடிந்தன. செயலாளர் மனுக்களிலிருந்து எழுதி எடுத்த இன்னொரு தாளை அவள் கையில் கொடுத்தார். "இந்த வருசம் புதுசா ஒண்ணு. குடுத்தவுக பேரு மட்டும் வந்தா போதுமா? வாங்குற கலைஞர்களுக்கும் மைக்குல மரியாத செய்யணும்ல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கை தட்டினார்கள். காகிதத்தில் இருந்தால் பூட்டி வைக்க வேண்டும், மைக்கில் வந்தால் அது கௌரவம் என்று அவர் மனதாரவே நம்பினார். அங்கே இருந்த எல்லாருமே அப்படித்தான் நம்பினார்கள்.

அவள் வாசித்தாள். முதல் பெயர், அதே மேளக்காரர். ஊர், தகப்பன் பெயர், என்ன வாத்தியம், உடம்புக்கு என்ன, எல்லாம். அவர் மீசையைத் தடவிக்கொண்டு மேடை ஏறினார். மனு நம்பர் வரிசைப்படி வரப்போகிற பெயர்களில் கரகத்து அக்காவின் பெயரும் உண்டு என்று எனக்குத் தெரியும். எழுதியவள் நான்தானே.

தட்டைக் கீழே வைத்துவிட்டு மேடை ஏறினேன். மைக்கைக் கையால் பொத்தினேன். முழுதாகப் பொத்தவில்லை போலிருக்கிறது.

"இதுக்கு மேல வாசிக்காத" என்றேன்.

"ஏன்? என்னாச்சு?"

"ஏன்னு கேக்காத. தாளக் குடு."

"மைக்கு வேணும்னா கேட்டு வாங்கு புள்ள. இப்பிடியா வந்து பறிப்ப?"

அது பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. கூட்டம் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

அந்த ஒரு பெயரை மட்டும் விட்டுவிட்டு வாசிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் கவர்களை மேஜை மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று மிஞ்சினால், மிஞ்சியது யாருடையது என்று ஊர் தேடும். சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது ஏலக்காய் ஏலம் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். மாதிரிக் காய்ப் பொட்டலத்தின் மேல் நம்பர் மட்டும் இருக்கும். எந்தத் தோட்டத்துக் காய் என்று கூவ மாட்டார்கள். நம்பரைச் சொல்வார்கள், விலை ஏறும். தாளை வாங்கி நான்காக மடித்து முந்தானையில் செருகிக்கொண்டேன்.

"மிச்ச ஆளுகளுக்குப் பேரு கிடையாது, நம்பர்தான். ஏலத்துல மாதிரி. யாரும் மேடைக்கு வர வேண்டாம். நம்பர்ச் சீட்டோட ஆபீசுக்கு வந்தா கவர் கெடைக்கும்" என்று மைக்கில் சொல்லிவிட்டு, மனதில் இருந்த நம்பர்களை மட்டும் வரிசையாகச் சொன்னேன். என் குரல் ஜவுளிக் கடைத் தெருவுக்குப் போனது. எத்தனையோ நாள் ஆசைப்பட்ட குரல். அது வெறும் எண்களைச் சொல்லிவிட்டு நின்றது.

சாயங்காலம் அந்த அக்கா பின்பக்க வாசலில் வந்து நின்றார். "சேலக் கடையில நின்னுக்கிட்டு இருந்தோம் தாயி. கொழாயில மொதப் பேரு வந்ததும் கையில இருந்த சேல நழுவிருச்சு. சம்பந்தியம்மா, என்ன மதினி, மயக்கமான்னு கேக்குறாக. அப்பறம் பாத்தா வெறும் நம்பராவே வருது." அவர் சிரித்தார். கவரை வாங்கிக்கொண்டு வெரசாகப் போய்விட்டார். கரகம் என்று இங்கே எழுதியிருக்கிறேன், சிலமலை என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

என்னை யாரும் மெச்சவில்லை. கவர் வாங்க வந்தவர்களில் ஒருவர், "என்னைய ஏலக்கா மூட்ட மாதிரி நம்பர் போட்டுக் கூப்புட்டுட்டயே" என்று வருத்தப்பட்டார். மேளக்காரர் மட்டும், மைக்கில் வந்தது தன் பெயர் ஒன்றுதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கிட்டங்கியில் என் கதைதான் பேச்சு. அம்மா வீட்டுக்கு வந்து தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் கேட்டாள்.

"ஏத்தா, அந்தப் பிள்ள மேல பொறாமப்பட்டு மைக்கப் பறிச்சியாமே?"

"ஆமா."

"ஆமாங்குற?"

"ஆமாம்மா."

அதில் பாதி உண்மை. மறு பாதியைச் சொன்னால் அது விடிந்ததும் சுளகில் ஏறிவிடும்.

காபித்தூள் கடைக்காரர் மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டிபன் மூடி என் பக்கம் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் செயலாளர் வந்தார். அவளிடம் சாவியை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"நீ காரணம் இல்லாம செய்ற ஆளு இல்லன்னு எனக்குத் தெரியும். யாருக்காக நிப்பாட்டுன? அதச் சொல்லு. ஞாயமாப் பட்டா இந்தச் சாவிய ஒன் கையில தர்றேன்."

சாவியைப் பார்த்தேன். அதன் வளையத்தில் அவள் கைக்குட்டையின் நூல் ஒன்று சிக்கியிருந்தது. அவளும் அங்கேதான் நின்றாள். சொல்லலாம்தான். அவர் பீரோ வாங்கி வைத்த மனிதர். அவளும் வாய் திறக்காதவள். ஆனால் சொல்ல மாட்டேன் என்று நான் சொன்னபோது, இன்னாரைத் தவிர என்று சொல்லவில்லை.

"காரணம் ஒண்ணும் இல்லங்கய்யா. மைக்கு மேல ஆச."

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "அப்ப சாவி இவகிட்டயே இருக்கட்டும்."

"இருக்கட்டுங்கய்யா."

அவள் வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். எரிந்தது. இல்லை என்று சொன்னால் பொய். செயலாளர் செருப்பை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தவர், நின்றார்.

"ஆமா, இங்கன கெடந்த மேஜைய எங்க?"

மேஜை உள்ளறையில் இருந்தது. அவர்கள் வருவதற்கு முன்பே, அப்பாவின் கூட்டாளி ஒருவரைப் பிடித்து அதை உள்ளே தூக்கிப் போட்டிருந்தேன். அங்கே தெரு தெரியாது, தெருவுக்கும் நான் தெரிய மாட்டேன். வாசலில் ஓர் அம்மாள் மனு எழுத வந்து நின்றிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.